வட்டார அடிப்படை வருமானம்: பல துறையினர் சேர்ந்து வடிவமைப்பது குறித்த நிலைப்பாடு

அடிப்படை வருமானம் என்பது ஒரு வட்டாரத்தில் வாழும் ஒவ்வொருவருக்கும், வேலையையோ சொத்தையோ பாராமல், தவணைதோறும் ரொக்கமாக வழங்கப்படும் தொகை. இத்தகைய திட்டத்தை ஒரு மாநிலமோ மாவட்டமோ தொடங்குமுன் பொருளியல், பொதுச் சுகாதாரம், கல்வி, சமூகவியல், சட்டம், வங்கித் துறை ஆகியவற்றைச் சேர்ந்தோரும் களப்பணியாளர்களும் ஒன்றாக அமர்ந்து அதன் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும் என்பதே இவ்வறிக்கையின் நிலைப்பாடு. பணப் பட்டுவாடா தொடங்கிய பிறகு கருத்துக் கேட்பது போதாது.

அனுபவம் காட்டுவது

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் 1974 முதல் 1979 வரை ‘மின்கம்’ என்ற சோதனை நடந்தது. டாஃபின் நகரில் வருமானம் குறைந்த எந்தக் குடும்பமும் அதில் உதவித்தொகை பெற முடிந்தது. பணம் கிடைத்தால் மக்கள் வேலையைக் குறைத்துக்கொள்வார்களா என்ற கேள்வியே அதன் மையம். நிதி தீர்ந்ததும் இறுதி அறிக்கை வெளிவராமலே, ஆவணங்கள் சுமார் 1,800 பெட்டிகளில் அடைக்கப்பட்டன. சுகாதாரப் பொருளியலாளர் எவலின் ஃபோர்ஜே மாகாண மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒப்பீட்டுக் குழுவைவிட டாஃபின் மக்கள் மருத்துவமனையில் சேர்வது 8.5 சதவீதம் குறைந்திருந்தது. விபத்து, காயம், மனநலப் பாதிப்பு ஆகியவற்றில் இந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. சுகாதாரத் துறையினர் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தால் இதை அறிய முப்பது ஆண்டுகள் ஆகியிருக்காது.

மத்தியப் பிரதேசத்தில் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவா, யூனிசெஃப் நிதியுதவியுடன் 2011-இல் தொடங்கிய சோதனை வேறு வழியில் சென்றது. 8 கிராமங்களில் பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் என எல்லோருக்கும் வழங்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் அது 300, 150 ஆனது. பணம் பெறாத 12 கிராமங்களுடன் ஒப்பிட்டு, குழந்தைகளின் எடை, பள்ளி வருகை, கடன், வேலை ஆகியவை கணக்கெடுக்கப்பட்டன. சிறுமிகளின் எடை தேறியது போன்ற பலன்கள் அதனால்தான் காலதாமதமின்றித் தெரியவந்தன.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், 1 கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. தகுதி வரம்பு உண்டு என்பதால் அதை அடிப்படை வருமானம் எனக் கொள்ள இயலாது. ஆயினும் வடிவமைப்புக்கு அது தரும் பாடங்கள் பல. ஆண்டு மின்பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்புகளில் ஒன்று. புள்ளியியலாளருக்கு இது எளிய அளவுகோல். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனங்கள் இருக்கும் வீட்டைப் பார்த்த களப்பணியாளரோ, அந்த யூனிட்டுகளை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்பார். முதல் தவணை வந்தபோது சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தை அதிலிருந்தே பிடித்துக்கொண்டன; அரசு தலையிட வேண்டியதாயிற்று. வங்கி விதிகளை அறிந்தோர் வடிவமைப்பில் இருந்தால் இத்தகைய பிடித்தத்தை முன்கூட்டியே தடுக்கலாம்.

வலியுறுத்துவன

1. எந்தத் துறை எதை அளக்கப்போகிறது என்பது முதல் தவணைக்கு முன்பே எழுத்தில் முடிவாக வேண்டும். அதற்கான தொடக்கக் கணக்கெடுப்பும் முடிந்திருக்க வேண்டும்.

2. ‘வேலை’ என்ற கணக்கில் சமையலும் குழந்தை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் சேர வேண்டும். கூலி வேலையை மட்டும் எண்ணினால் பெண்களின் உழைப்பு மறைந்துபோகும்.

3. தொகை விலைவாசிக்கேற்ப உயர வேண்டும். ரேஷன், முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றை இதைக் காட்டிக் குறைக்கக் கூடாது.

4. தொகை பெறுவோரின் பிரதிநிதிகளுக்கு வடிவமைப்புக் குழுவில் மற்றவர்களுக்கு இணையான வாக்குரிமை வேண்டும்.

5. தனிநபர் விவரங்கள் நீக்கப்பட்ட தரவுகள் எல்லா ஆய்வாளருக்கும் கிடைக்க வேண்டும். ஆய்வுக்கும் இறுதி அறிக்கைக்கும் உரிய நிதியைத் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்க வேண்டும். அதைப் பட்டுவாடாவுக்குத் திருப்பிவிடக் கூடாது.