ஒரு முறை பார்த்தால் போதுமா?



நல்லவாட்டுப் பக்கத்துக் குளம் ஒன்றிலிருந்து இருவர் தண்ணீர் எடுத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு சீசாவில் ஊற்றி, கொஞ்சம் வைக்கோலைப் போட்டு வைக்கிறார்கள். மறுநாளே ஒருவன் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "பாரமீசியமே இல்லை" என்கிறான். பத்தாம் நாள் பார்த்த மாணவியோ, "எங்கும் பாரமீசியம்தான்!" என்கிறாள். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இரண்டுமே அரைகுறை. ஏனெனில் சீசாவிற்குள் இருக்கும் உலகம் நாளுக்கு நாள் மாறுகிறது. வைக்கோல் ஊறியதும் முதலில் பாக்டீரியாக்கள் பெருகும், நீர் கலங்கும். அவற்றைத் தின்று மிகச் சிறிய கசையிழை உயிரிகள் பெருகும். பிறகு கோல்போடா, பாரமீசியம், வொர்டிசெல்லா என ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இந்த வரிசையை அமெரிக்க விலங்கியல் அறிஞர் உட்ரஃப் 1912இல் விரிவாக வெளியிட்டார். ஒரே நாள் பார்த்திருந்தால் அவருக்கு இந்த வரிசை கிடைத்திருக்குமா?

நமது செய்முறை வகுப்பில் என்ன நடக்கிறது? நுண்ணோக்கியில் ஒரு நிமிடம் கண்ணை வைக்கிறோம். பிறகு புத்தகத்தில் உள்ள படத்தை ரெக்கார்டு நோட்டில் அழகாக வரைகிறோம். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் செய்தேன். மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து வரைந்த பாரமீசியத்திற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. உயிருள்ள பாரமீசியத்தைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன்! இது பாடம் கற்கும் முறையாகாது என்பது என் கருத்து. கோணலான படமானாலும் கண்ணால் கண்டதை வரைந்து, தேதியையும் எழுதியவருக்கே கூடுதல் மதிப்பெண் தரவேண்டும்.

ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய விரும்பி, மிளகை நீரில் ஊறப் போட்டார். சுமார் மூன்று வாரம் கழித்து, 1676 ஏப்ரல் 24ஆம் தேதி, அந்த நீரில் எண்ணற்ற நுண்ணுயிர்களைக் கண்டார். கண்டதையெல்லாம் தேதியிட்டு எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். முதலில் அங்கே பலர் ஐயப்பட்டனர். 1677இல் ராபர்ட் ஹூக் மிளகு நீரைத் தயாரித்துத் தாமே பார்த்து, அது உண்மையென்று உறுதி செய்தார். செய்த முறையை எழுதி வைத்தால்தான் பிறர் அதைச் சோதிக்க முடியும்!

"எங்களிடம் நுண்ணோக்கி இல்லையே" என்கிறீர்களா? இந்தியாவில் பிறந்த மனு பிரகாஷும் அவரது குழுவினரும் 2014இல் மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தினர். அது பொருள்களைச் சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். பாரமீசியத்தின் நீளம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ கால் பங்கு. அதைப் பார்க்க இது தாராளமாகப் போதும்.

நீங்களே தொடங்கலாம். வாயகன்ற சீசாவில் குளத்து நீரும் வைக்கோலும் இட்டு, இறுக மூடாமல் நிழலில் வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே ஆழத்திலிருந்து ஒரு சொட்டு எடுங்கள். ஒளிபுகும் அளவுகோலை லென்சின் கீழ் வைத்தால், கண்ணுக்குத் தெரியும் வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அறியலாம். அதைக்கொண்டு உயிரிகளின் நீளத்தை மதிப்பிடுங்கள். எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றும் தென்படாத நாளில் "இல்லை" என்று எழுதுங்கள்; அதுவும் ஒரு செய்தியே. குளத்து நீரில் நோய்க்கிருமிகளும் இருக்கலாம். வேலை முடிந்ததும் சோப்பால் கையைக் கழுவுங்கள்.

நல்லவாட்டு மீனவர்கள் ஒரே ஒரு நாள் கடலைப் பார்த்துவிட்டுக் காற்றின் போக்கைச் சொல்வதில்லை. அன்றாடம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த கண் அது. அந்தக் கண்ணை நாம் சீசாவின் பக்கமும் திருப்பினால் என்ன? இன்றே ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் தேதியை எழுதுங்கள்!