ஆவாரையை வெட்டிவிட்டுப் புல் வளர்ப்போர்

காளஹஸ்தியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் மனைப்பிரிவுகளும் கல்வி வளாகங்களும் எழுந்துவருகின்றன. அவற்றில் தோட்டம் உருவாகும் முறை பெரும்பாலும் ஒன்றே. முதலில் பொக்லைன் வந்து, தானாக வளர்ந்து நின்ற ஆவாரை, நொச்சி, எருக்கு அனைத்தையும் ‘புதர்’ என்று வழித்தெறிகிறது. பின்னர் லாரியில் புல்பத்தைகளும் பொன்னிறத் துரந்தாவும் அலங்காரப் பனைகளும் வந்திறங்குகின்றன. ‘குறைந்த பராமரிப்பு’ என்ற உறுதிமொழியும் உடன் இறங்குகிறது. அடுத்த சித்திரையில் அதே வாயிலில் தண்ணீர் லாரி நிற்கிறது.

‘குறைந்த பராமரிப்புச் செடி’ என்னும் தொடர், நிறத்தையும் உயரத்தையும் போலப் பராமரிப்பையும் செடியின் பண்பாகக் காட்டுகிறது. உண்மையில் அது செடிக்கும் நிலத்துக்கும் இடையிலான உறவு. எந்த மண்ணில், எந்த வெயிலில், எவ்வளவு நீரில் என்று சொல்லாமல் அத்தொடரை வழங்குவது, வேற்றுமை உருபுகளை உதிர்த்துவிட்டு வாக்கியம் அமைப்பதற்கு ஒப்பானது. நாற்றுப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற கடியம், ராஜமகேந்திரவரத்துக்கு அருகே கோதாவரியின் வண்டல் நிலத்தில் இருக்கிறது. அத்தகைய ஈர மண்ணில் தளதளவென்று நின்ற செடி, பல நூறு கிலோமீட்டர் தெற்கே கொண்டுவரப்பட்டு, கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் சரளைச் செம்மண்ணில் ஊன்றப்படுகிறது. அது வாடினால் பழி தோட்டக்காரர் தலையில் விழுகிறது. பட்டியலைத் தயாரித்தவரை எவரும் கேட்பதில்லை.

வழித்தெறியப்பட்ட ஆவாரையைச் சற்றுப் பார்க்கலாம். ஆழ வேரூன்றும் செடி. ஐப்பசி, கார்த்திகை மழையை உண்டு, எஞ்சிய மாதங்களை ஏறத்தாழப் பட்டினியிலேயே கடக்கும். அதற்கு உரம் வேண்டியதில்லை. நீர் தேங்கினால்தான் கேடு. அதன் மஞ்சள் பூவில் தேன் இல்லை, மகரந்தமே உண்டு. மகரந்தப்பையின் சிறு துளைவழியே அதை உதிர்க்கப் பெருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்விக்கின்றன. இலையைத் தின்று வளரும் புழுக்கள் பட்டாம்பூச்சிகளாகின்றன. பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. குறிஞ்சிப்பாட்டின் பூக்களின் வரிசையில் ‘ஆவிரை’யாக இடம்பெற்ற இச்செடி, தெலுங்கில் ‘தங்கேடு’. தெலங்கானாவின் மாநிலப் பூ இதுவே. பதுக்கம்மா அடுக்கில் இதற்குத் தனி இடம் உண்டு. ஓர் அரசு மாநில அடையாளமாக ஏற்ற பூவைப் பக்கத்து மாநிலத்தின் வளாகக் குழுக்கள் களை என்கின்றன. சங்க இலக்கியத் தாவரங்களைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்தும் நிறுவனங்களே அத்தாவரங்களை வேரோடு பிடுங்குவதும் நடக்கிறது. கட்டுரைத் தொகுப்பு மட்டும் செழிப்பாக வளர்கிறது.

இதற்கு ஆயத்தமாக ஒரு மறுப்பு உண்டு: இது மண்ணின் மைந்தர் வாதத்தைச் செடிகளுக்கு நீட்டுவதல்லவா? அல்ல. காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஆயினும் காளஹஸ்தி வெயிலில், நீரைக் குறைக்கக் குறைக்க மிகுதியாகப் பூக்கிறது. அதை நடுவதில் பிழையேதும் இல்லை. மறுபுறம், ஊருக்கு நன்கு அறிமுகமான அரளி வறட்சியைத் தாங்கும் என்றாலும் அதன் எல்லா உறுப்புகளும் நஞ்சு. குழந்தைகள் ஆடும் இடத்திலும் மாடு மேயும் ஓரத்திலும் அதை வைக்கலாகாது. நந்தியாவட்டைக்கு முதல் இரண்டு கோடைகளில் நீர் வேண்டும். வேர்பிடித்த பின்னரே அது எளிய செடி. ஆகவே பிறப்பிடச் சான்றிதழ் மட்டும் போதாது.

பராமரிப்பே வேண்டாத செடி உண்மையில் எது என்று கேட்டால், உண்ணிச்செடி என்பதே நேர்மையான விடை. அழகுக்காகத் தோட்டச் செடியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டுவரப்பட்டது அது. புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பில் அது பரவியிருப்பதாக 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உள்ளூர்ப் பெயர் இருப்பதே நிலத்துக்கு உரியது என்பதற்குச் சான்று என்று அவசரப்படும் மொழியியலார்க்கும் இச்செடி ஓர் எச்சரிக்கை. இருநூறு ஆண்டுகளில் அதற்கும் தமிழ்ப் பெயர் அமைந்துவிட்டது. சேஷாசலக் காடுகள் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை, செம்மரத்தின் தாய்நிலம். அதன் அடிவாரத்தில் எதை நடுவது என்பது வேலிக்குள் முடிந்துவிடும் சொந்த விருப்பம் அன்று. விதைக்கு வேலி தெரியாது.

காளத்தியின் பெயரோடு என்றும் இணைந்த கண்ணப்பர் இறைவனுக்குத் தலையில் சுமந்துவந்தவை காட்டுப் பூக்கள். அவ்வூரின் வாயிலில் காட்டுப் பூ அருவருப்பாகிவிட்டது.

ஆவாரைக்குப் பண்ணை நாற்று தேவையில்லை. முற்றிய காய்களிலிருந்து எடுத்த விதையின் ஓடு கடினமானது. கொதித்து இறக்கிய நீரில் ஓரிரவு ஊறவைத்து, ஐப்பசியின் முதல் மழையில் நிலத்திலேயே விதைத்தால் கோடைக்கு முன் வேர் இறங்கிவிடும். இடையிடையே நொச்சியும் மஞ்சள் பூக்கும் செம்முள்ளியும் போதும். செலவு ஏறக்குறைய இல்லை. வளாகத் தோட்டங்களின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஆவாரை இடம்பெறாததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.