மலைக்கேற்ற ஓர் ஆட்டம்

உதகமண்டலத்துக்கும் விளையாட்டுக்கும் நெடுநாளைய சம்பந்தம் உண்டு. ஸ்னூக்கர் என்னும் மேஜைப் பந்தாட்டம் 1875-ல் ஜபல்பூரில் பிறந்தது. அதைத் தோற்றுவித்த நெவில் சேம்பர்லேன் என்னும் ராணுவ அதிகாரி (பிரதம மந்திரியாயிருந்த சேம்பர்லேன் வேறு, இவர் வேறு) 1882-ல் அதன் விதிகளை ஒழுங்குபடுத்தியது உதகை கிளப்பில்தான். கோல்ப், குதிரைப் பந்தயம், வேட்டை இவையெல்லாம் அந்தத் துரைமார் கொண்டுவந்தவையே. அக்காலத்துக் கோல்ப் மைதானத்தில் நம்மவருக்குப் பெரும்பாலும் கிடைத்த பங்கு, துரையின் பையைத் தூக்குவதுதான்.

பதினெட்டுக் குழிக் கோல்புக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கோ பந்தாடச் சமதரையாக ஒரு துண்டு நிலம் அகப்படுவதில்லை. பந்தை அடித்தால் அது தேயிலைச் சரிவில் உருண்டோடிவிடும். தேடி எடுப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும்.

இந்த நிலையில்தான் தட்டுக் கோல்பைப் பற்றி நேயர்களிடம் பிரஸ்தாபிக்க விரும்புகிறோம். குழிக்குப் பதில் கம்பத்தில் ஒரு கூடை. அதன் மேல் தொங்கும் சங்கிலிகள். பந்துக்குப் பதில் இருநூறு கிராமுக்கு மேற்படாத பறக்கும் தட்டு. எறிந்த தட்டு விழுந்த இடத்தில் நின்று மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடையை அடைந்தவர் ஜயித்தவர். எட் ஹெட்ரிக் என்பவர் 1975-ல் கலிபோர்னியாவிலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் இதற்கு ஒரு களம் அமைத்தார். இன்று அமெரிக்காவில் பல தேவாலயங்களின் தோட்டங்களிலேயே ஒன்பது கூடைகளை நட்டு, வருவோர் போவோரை ஆடவிடுகிறார்கள். மரம் வெட்ட வேண்டாம். மேட்டை நிரவ வேண்டாம். மரமும் மேடும் இல்லாவிட்டால்தான் ஆட்டம் சப்பென்று போய்விடும்!

சென்ற கோடையில் குன்னூருக்கு அருகே ஒரு சிறு தேவாலய வளாகத்தில், பாதிரியாரின் அனுமதி பெற்று, பழைய தேயிலைக் கூடைகள் ஐந்தை மரங்களில் கட்டி ஆடிப் பார்த்தோம். பள்ளத்தை நோக்கி எறிந்த தட்டு இறங்க மனமில்லாததுபோல் மிதந்து சென்றது. விளிம்பு தரையில் பட்டதோ, சக்கரமாய் உருண்டு வேலிவரை போயிற்று. மூடுபனி கவிந்தால் ஈரத்தட்டு கையில் நில்லாமல் வழுக்கும். தோள்பலத்தை நம்பிய பையன்கள் எல்லோரும் தோற்றார்கள். காற்று ஓயும்வரை காத்திருந்து மெல்ல எறிந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஐந்து கூடைகளையும் பதினான்கே எறிகளில் முடித்தாள்.

சபைப் பெரியவர் ஒருவர், "ஆண்டவர் சந்நிதியில் ஆட்டமா, ஐயா?" என்று கேட்டார். கல்லறைகளை நினைத்துக் கேட்டிருந்தால் அது நியாயமே. 1830-ல் பிரதிஷ்டையான உதகை பரிசுத்த ஸ்தேவான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஸலிவன் துரையின் மனைவியும் மகளும் துயில்கிறார்கள். அங்கே தட்டெறியப் புறப்படுவோரை நாமே தடுப்போம். ஆனால் கல்லறையில்லாத மறுசரிவில் பிள்ளைகள் சிரிப்பதில் தெய்வக் குற்றம் என்ன இருக்கிறது?

ஹெட்ரிக் 2002-ல் காலமானபோது, அவருடைய விருப்பப்படியே அவரது அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்களாம். இதைச் சொன்னதும் பெரியவர் சற்றுத் திடுக்கிட்டார், பிறகு சிரித்துவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகுதான் ஆடவேண்டும், ஜன்னல் கண்ணாடிப் பக்கம் கூடை கட்டக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு மேற்குச் சரிவு நமக்குக் கிடைத்திருக்கிறது.