ஏஐ எவ்வளவு சொல்ல வேண்டும்?

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் ஒரு தலைமுறைக்கே கோடிங் சொல்லிக்கொடுத்தவை. ஜாவா, டாட்நெட், ஆரக்கிள் என்று பேனர் தொங்கும் பயிற்சி மையங்கள், பக்கத்துச் சந்துகளில் ஹாஸ்டல்கள், ஜெராக்ஸ் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் பாடக் குறிப்புகள், நேர்காணல் கேள்வி-பதில் தொகுப்புகள். அங்கே வந்து தங்கியவர்கள் ஹைடெக் சிட்டியில் ஒரு வேலைக்காகப் படித்தார்கள். குடும்பக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு படிப்பவர் தயார் விடைகளை மனப்பாடம் செய்தால் அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. இன்றோ இந்த நகரிலும் பிற ஊர்களிலும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஆசைக்காக மட்டும் நிரல் எழுதுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மடிக்கணினியைத் திறந்து, தனக்கு என்ன வேண்டும் என்று பேச்சுமொழியில் சொன்னால் போதும். செயற்கை நுண்ணறிவு முழு நிரலையும் எழுதித் தந்துவிடுகிறது. 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதி இதற்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்தார். வார இறுதியில் செய்துபார்த்துத் தூக்கிப்போடும் சின்னத் திட்டங்களுக்கு இது மோசமில்லை என்பதுதான் அப்போது அவர் சொன்னது. ஆக, இது பிறந்த இடமே பொழுதுபோக்குதான். அப்படியானால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. யாரும் கட்டாயப்படுத்தாமல், காசு வாங்காமல், பிடித்திருக்கிறது என்பதற்காகவே செய்யும் காரியத்தையும் இயந்திரமே செய்து முடித்துவிட்டால், செய்தவருக்குக் கிடைப்பது என்ன?

இந்தக் கேள்வியைப் பழைய வீடியோ கேம் ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக விவாதித்துவருகிறார்கள். கடினமான ஒரு பழைய விளையாட்டை வழிகாட்டிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடித்தால், அதை முடித்ததாகச் சொல்லலாமா? ஒரு தரப்பு கூடவே கூடாது என்கிறது. இன்னொரு தரப்பு அதில் என்ன தப்பு என்கிறது. என் கருத்தில் இரு தரப்பும் கேள்வியைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். உதவி பெறலாமா என்பது பெரிய விஷயமே அல்ல. எந்த இடத்தில், எவ்வளவு, நாம் முயன்று பார்த்ததற்கு முன்பா பின்பா என்பதுதான் விஷயம். பொழுதுபோக்காக ஏஐயோடு நிரல் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பழைய விளையாட்டுகளின் வரலாற்றில் உருப்படியான பாடம் இருக்கிறது.

முதலில், வழிகாட்டியைத் தொடவே கூடாது என்ற கறார்வாதம் நிற்காது. 1987இல் ஜப்பானில் வெளியான ‘காசில்வேனியா’ இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில் பாதை அடைபட்டுவிடும். சிவப்புப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலைமுகட்டின் ஓரத்தில் மண்டியிட்டுச் சில விநாடிகள் சும்மா காத்திருந்தால் சூறைக்காற்று வந்து தூக்கிச் செல்லும். எந்தத் தர்க்கத்தைக் கொண்டும் இதை ஊகிக்க முடியாது. ஆங்கிலப் பதிப்பில் ஊர்வாசி ஒருவர் சொல்லும் குறிப்போ, மலைமுகட்டைத் தலையால் முட்டச் சொல்கிறது. 1984இல் வந்த நாம்கோவின் ‘டவர் ஆஃப் டுருவாகா’வில் அறுபது தளங்கள்; அவற்றில் மறைந்திருக்கும் புதையல் எப்போது வெளிப்படும் என்பதற்கான நிபந்தனையை விளையாட்டு சொல்லவே சொல்லாது. ஆர்கேட் கூடங்களில் விளையாடியவர்கள் தாங்கள் கண்டுபிடித்ததை ஒருவருக்கொருவர் சொல்லித்தான் மேலே ஏறினார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர்ச் சிறுவர்கள் டிவியில் கேசட் மாட்டி விளையாடிய ‘கான்ட்ரா’வில் முப்பது உயிர் தரும் பொத்தான் வரிசை ஒன்று உண்டு. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம் என்று போகும் அந்த வரிசையின் பிறப்பிடம் 1986இல் வந்த ‘கிரேடியஸ்’ ஆட்டத்தின் வீட்டுப் பதிப்பு. ஆர்கேட் ஆட்டத்தை அப்படி வீட்டுக் கருவிக்கு மாற்றிய கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது ஆட்டம் தனக்கே மிகக் கடினமாக இருந்ததால் அந்த வரிசையைச் சேர்த்தார். செய்தவருக்கே துணை தேவைப்பட்டிருக்கிறது! யோசித்தால் வழி பிறக்கும் கடினம் ஒன்று; எவ்வளவு யோசித்தாலும் பிறக்காத மூடுமந்திரம் இன்னொன்று. இரண்டாவதைத் தாண்ட வழிகாட்டியைப் புரட்டுகிறவர் எதையும் இழப்பதில்லை.

முதல் வகைக் கடினத்துக்குத்தான் நுட்பமான அணுகுமுறை தேவை. அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் ‘சோர்க்’ போன்ற, எழுத்தாலேயே ஆன சாகச விளையாட்டுகளை விற்றது. அவற்றின் புதிர்களில் மாட்டிக்கொண்டவர்களுக்காக 1982 முதல் ‘இன்விசிக்ளூஸ்’ என்ற கையேடுகள் வந்தன. அந்தப் பக்கங்களில் கேள்விகள் மட்டும் கண்ணுக்குத் தெரியும். பதில்கள் கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிடப்பட்டிருக்கும். கூடவே வரும் சிறப்புப் பேனாவால் தேய்த்தால் ஒரு வரி தெரியும். முதல் வரி இலேசாகத் திசைகாட்டும்; அடுத்தது இன்னும் கொஞ்சம் விளக்கும்; கடைசி வரியில்தான் விடை. எந்த வரியோடு நிறுத்துவது என்பது விளையாடுகிறவரின் முடிவு. விளையாட்டிலேயே இல்லாத விஷயங்களைப் பற்றிய பொய்க் கேள்விகளையும் ஆங்காங்கே கலந்திருந்தார்கள். கேள்விப் பட்டியலைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்ற அக்கறை. வாசகர் மீது இவ்வளவு மரியாதை வைத்த வழிகாட்டிகள் குறைவு. அவர் யோசிக்க விரும்பித்தான் இந்த விளையாட்டை வாங்கினார், அந்த யோசனையை அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தக் கையேட்டின் அமைப்பிலேயே இருந்தது.

இன்றைய ஏஐ கருவிகளின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. கேட்டவுடன் கடைசி வரியைத் தேய்த்துக் காட்டிவிடும். நிரல் எழுதுவதிலும் மேலே சொன்ன இரண்டு வகைத் தடைகளும் இருக்கின்றன. பைத்தானை நிறுவினால் ஏற்கெனவே இருக்கும் பதிப்போடு மோதுகிறது. ஏதோ ஒரு நூலகத்தின் பழைய கட்டளை புதிய பதிப்பில் வேலை செய்யவில்லை. பிழைச் செய்தி எதைச் சொல்கிறது என்றே விளங்கவில்லை. இவை மலைமுகட்டில் மண்டியிடும் ரகம். இவற்றில் நான்கு மணி நேரம் போராடி யாரும் நல்ல நிரலாளர் ஆனதில்லை. பலர் கோடிங்கையே கைவிட்டது இந்த வாசலில்தான். இதை ஏஐ துடைத்துப்போட்டால் அது பெரும் உபகாரம். ஆனால், தாயக்கட்டத்தை மொபைல் விளையாட்டாக ஆக்க ஆசைப்படுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காய்களின் நிலையை எப்படிக் குறித்துவைப்பது, வெட்டுப்பட்ட காய் திரும்ப எங்கிருந்து தொடங்கும், இரண்டு காய் ஒரே கட்டத்தில் வந்தால் என்ன விதி என்பவை அவரே யோசிக்க வேண்டியவை. அந்த யோசனைக்காகத்தான் அவர் உட்கார்ந்தார். அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டால், அவரிடம் ஒரு செயலி இருக்கும். அதைவிட நல்ல தாயச் செயலியை ஆப் ஸ்டோரில் இலவசமாகவே இறக்கிக்கொண்டிருக்கலாமே.

முழு விடைக்கும் படிப்படியான குறிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவி. இன்னொரு பிரிவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் வழிகாட்டலோடு மாற்றப்பட்ட கருவி. மூன்றாம் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியின்போது மூன்றாம் பிரிவைவிட முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் மேலாகச் செய்தன. பிறகு கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, முழு விடை பெற்றுப் பழகியவர்கள் கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் தென்படவில்லை. இரண்டும் ஒரே ஏஐதான். முக்கியமாக மாறியது அது எவ்வளவு சொன்னது என்பதுதான். நாம் எவ்வளவு கற்கிறோம், எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதை நம் உணர்வை வைத்து எடைபோடவும் முடியாது. 2025 ஜூலையில் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமிக்க 16 நிரலாளர்கள் தங்கள் சொந்தத் திட்டங்களில் 246 பணிகளைச் செய்ததை அளந்தது. அப்போதைய ஏஐ கருவிகளோடு வேலை செய்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் நேரம் மிச்சமானதாக நம்பினார்கள். கருவிகள் அதன்பின் மாறிவிட்டன, வேகமும் மாறியிருக்கலாம். தன் திறமையைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பது மாறவில்லை.

சதுரங்கத்தில் நம் தமிழ்நாடு இதைவிடத் தெளிவான சாட்சியத்தைத் தருகிறது. இயந்திரத்தின் விடையோடு மிக நீண்ட காலம் வாழ்ந்துவரும் விளையாட்டு அது. 1997இல் டீப் ப்ளூ கணினி அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது. இன்று கைப்பேசியில் ஓடும் சதுரங்க இன்ஜினே உலகச் சாம்பியனைத் தோற்கடிக்கும். ஹைதராபாத்தில் 2002இல் நடந்த உலகக் கோப்பையை விஸ்வநாதன் ஆனந்த் வென்ற காலத்திலேயே முன்னணி வீரர்கள் கணினியோடு தயாரானார்கள். அப்படிப்பட்ட உலகில்தான் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சிறுவன் குகேஷை, கிராண்ட்மாஸ்டர் தகுதிக்கு வேண்டிய 2500 புள்ளிகளை நெருங்கும்வரை இன்ஜின் பக்கமே விடவில்லை. குகேஷ் 2019இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். சொந்தமாகக் கணக்கிடும் பழக்கம் வேர்விட்ட பிறகே இயந்திரம் வந்தது. இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: சிறு வயதிலிருந்தே இன்ஜினோடு வளர்ந்து உச்சத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். ஆனால், சதுரங்கத்துக்கு ஒரு காவல் உண்டு. வீட்டில் எவ்வளவு பார்த்தாலும் போட்டியில் பலகைக்கு முன்னால் தனியாகத்தான் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் இயந்திரம் இல்லாத தேர்வு. தன்னையே ஏமாற்றிக்கொண்டால் அடுத்த சுற்றிலேயே தெரிந்துவிடும். பொழுதுபோக்காகக் கோடிங் செய்கிறவருக்கு அப்படி எந்தப் பலகையும் இல்லை. அதனால் எப்போது இயந்திரத்தை மூடிவைப்பது என்ற ஒழுங்கை அவரேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் கல்வி ஆய்விலிருந்தே வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், அல்ஜீப்ராவைப் புதிதாகப் படிக்கிறவர்கள் தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டுவதைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்று கண்டார்கள். ஆகவே புதியவருக்கு முழு நிரலைக் காட்டுவது நல்லதுதானே என்று கேட்கலாம். இந்த ஆய்வை மதிக்கிறேன். ஒன்றும் தெரியாதவரை இருட்டில் தவிக்கவிடுவது கற்பித்தல் ஆகாது. ஆனால், அந்த மாணவர்கள் தீர்த்த கணக்கை வரி வரியாகப் படித்தார்கள், உடனே அதைப் போன்ற இன்னொரு கணக்கைத் தாங்களே போட்டார்கள். ஏஐ தரும் முன்னூறு வரி நிரலை அப்படி யார் படிக்கிறார்கள்? அதைப் படிக்காமல் ஓடவிடுவதைத்தானே கார்பதி ‘வைப் கோடிங்’ என்ற பெயரால் குறித்தார்? பதவுரையோடு குறுந்தொகையைப் படிக்கிறவரின் கண் உரைக்கும் பாட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும். உரையை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர் பாட்டைப் படிக்கவில்லை. நிரலோடும் அந்தப் போய்வருதல் நடக்குமானால் முழு விடையிலிருந்தும் கற்கலாம்தான். நடப்பதில்லை என்பதே பிரச்சினை.

பொழுதுபோக்கு அவரவர் உரிமை, இதில் ஊருக்கு என்ன கவலை என்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஒருவருக்கு நிரல் எழுதுவதில் நாட்டமே இல்லை, தன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நேரத்தைக் கணக்கிட ஒரு சின்னச் செயலி வேண்டும், அவ்வளவுதான் என்றால், அவர் தாராளமாக முழுவதையும் ஏஐயிடம் வாங்கிக்கொள்ளட்டும். அவருடைய ஆசை தோட்டத்தில் இருக்கிறது. நான் பேசுவது கோடிங்கின் மீதே ஆசைகொண்டு வருகிறவரைப் பற்றி. அவருக்கு எதையும் தடுக்கச் சொல்லவில்லை. தான் எதற்கு வந்தோம் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு அந்தப் பகுதியை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதலில் தாளில் எழுதிப் பார்க்கலாம். ஓடாத நிரலாக இருந்தாலும் ஒன்றை எழுதலாம். பிறகு ஏஐயிடம் எங்கே இடிக்கிறது என்று மட்டும் கேட்கலாம். அது போதவில்லை என்றால் அடுத்த குறிப்பைக் கேட்கலாம். நேரம் இல்லாதவருக்கும் இது பொருந்தும். வாரம் இரண்டு மணி நேரமே கிடைக்கிறவர் அந்த இரண்டு மணியைத் தனக்குப் பிடித்த யோசனையில் செலவிடுவதா, இயந்திரம் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதிலா?

எல்லாப் பொறுப்பையும் தனிமனிதர் தலையில் கட்டுவதும் சரியல்ல. களைத்துப்போன மனிதர் முன்னால் முழு விடை இருந்தால் கை அதற்குத்தான் போகும். ஓபன்ஏஐ 2025 ஜூலையில் ‘ஸ்டடி மோட்’ கொண்டுவந்தது. அடுத்த மாதம் கூகுள் ‘கைடட் லேர்னிங்’ தந்தது. ஆந்த்ரோபிக், நிரலின் சில பகுதிகளைப் பயனரே எழுதும்படி விட்டுவைக்கும் முறையைத் தன் கருவியில் சேர்த்திருக்கிறது. வரவேற்க வேண்டியவை. ஆனால், இவை நாமாகத் தேடிப்போய்த் தேர்ந்தெடுக்க வேண்டிய வசதிகள். சும்மா திறந்தால் வருவது முழு விடையே. புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கும்போதே ‘குறிப்பு போதுமா, முழு நிரல் வேண்டுமா?’ என்று கருவி ஒருமுறை கேட்க வேண்டும். இதைச் சொல்ல ஹைதராபாத்துக்குத் தனி உரிமை உண்டு. மைக்ரோசாஃப்டின் இந்திய மேம்பாட்டு மையம் 1998 முதல் இங்கே இயங்குகிறது. கூகுளுக்கும் பெரிய அலுவலகம் இருக்கிறது. இந்திய கேம் டெவலப்பர் மாநாடும் பல ஆண்டுகள் இங்கே கூடியிருக்கிறது. விளையாட்டில் குறிப்பு எவ்வளவு தருவது என்று யோசித்துப் பழகியவர்களும் ஏஐ கருவிகளை உருவாக்குகிறவர்களும் ஒரே நகரில் இருக்கிறார்கள். அவர்கள் சோதித்துப் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராமல் தமிழிலோ தெலுங்கிலோ கேட்கிறவருக்கும் நிரல் ஆங்கிலக் கட்டளைகளாகவே வந்து சேர்கிறது. படிக்கச் சிரமமானது என்பதால் அவர் அதை அப்படியே ஒட்டிவிடுகிறார். அவருக்கு முழு விடையைவிட அவருடைய மொழியில் எழுதிய தெளிவான ஒரு குறிப்பு அதிகம் உதவும். குறிப்புக்குத்தான் மொழி நன்றாக இருந்தாக வேண்டும். தமிழில், தெலுங்கில், உருதுவில் இந்தக் கருவிகள் தரும் குறிப்புகள் திசைகாட்டுகின்றனவா, அல்லது ‘காசில்வேனியா’வின் அந்த ஊர்வாசியைப் போல மலையில் தலையை முட்டச் சொல்கின்றனவா என்பதைப் பார்க்க, இந்த மூன்று மொழிகளையும் வீட்டில் பேசும் பொறியாளர்கள் ஹைடெக் சிட்டியிலேயே இருக்கிறார்கள்.