சிலைக்குள் மறைந்த கட்டளை

சென்னை மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை நிற்கிறது. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த இச்சிலை, 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. நான்கு தொழிலாளர்கள் பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்கப் பாடுபடுகின்றனர். அவர்களின் முறுக்கேறிய தசைகளே உழைப்பின் பாரத்தை உணர்த்திவிடுகின்றன. ஆனால், இன்றைய ஆலைத் தொழிலை இவ்வாறு சிலையாக வடித்துவிட முடியுமா?

கோலசிலாங்கூர் வட்டாரம் இக்கேள்விக்குத் தகுந்த எடுத்துக்காட்டாகும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், 1917ஆம் ஆண்டு இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் உருவானது. அதனைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே எனும் பிரெஞ்சுக்காரர். எனினும், இவ்வட்டாரத் தோட்டங்களை வளர்த்ததில் தமிழர்களின் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்றும் குலைகளைப் பெரும்பாலும் மனிதர்களே அறுக்கின்றனர். ஆலைக்குள் நிலைமை வேறு. அங்கே குலைகள் நீராவியில் வேகவைக்கப்படுகின்றன. பழங்கள் உதிர்க்கப்பட்டுப் பிழியப்படுகின்றன. பின்னர் எண்ணெய் தெளிய வைக்கப்படுகிறது. தானியக்க முறை உள்ள ஆலைகளில், உணரிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கின்றன. அவ்வளவுகளுக்கேற்ப மென்பொருள் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. பார்ப்பவருக்கோ கொதிகலனும் குழாய்களும் மட்டுமே தெரிகின்றன.

இந்த மறைவில் ஓர் ஆபத்து உண்டு. தவறு நேர்ந்தால், “கணினிதான் அப்படிச் செய்தது” என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது எளிதாகிறது. உண்மையில், மென்பொருளுக்கான அளவுகளையும் வரம்புகளையும் வகுப்பவர்கள் மனிதர்களே.

மறைந்திருப்பதைக் காட்டும் ஆற்றல் சிற்பக்கலைக்கு உண்டு. சீனக் கலைஞர்களான சுன் யுவானும் பெங் யூவும் 2016ஆம் ஆண்டு ஒரு படைப்பை உருவாக்கினர். அதில் தொழிற்சாலை இயந்திரக் கை ஒன்று, தரையில் பரவும் செந்நிறத் திரவத்தை ஓயாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. அதற்குக் கட்டளையிட்டவர் யார் என்ற கேள்வி, காண்பவரின் மனத்தில் எழாமல் இருக்குமா?

சிலை அழகாக இருந்தால் போதும், மென்பொருள் பொறியியலாளர்களின் கவலை என்று சிலர் கருதலாம். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. ஆலையின் முடிவுகள் அங்கு வேலை செய்பவரின் பாதுகாப்பையும் பிழைப்பையும் தொடுகின்றன. எனவே, அவற்றைப் புரிந்துகொள்ளும் உரிமை எல்லாருக்கும் உண்டு.

ஆகவே, தோட்டப்புற வரலாற்றுக்குச் சிலை எழுப்புவோர், பழைய இயந்திரத்துக்குச் சாயம் பூசி நிறுத்துவதோடு நின்றுவிடக்கூடாது. குலை அறுக்கும் கையும் அச்சிலையில் இருக்க வேண்டும். ஆலையை இயக்கும் கட்டளையும் இருக்க வேண்டும். குழாய்களுக்குள் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விளக்கு எரிந்தால், சிறுவர்கூட நின்று கேள்வி கேட்பர். தீர விசாரிப்பதே மெய் என்பதை அத்தகைய சிலை சொல்லாமல் சொல்லும்.