காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் வயலில் எந்நேரமும் ஜலம் தேங்கி நிற்க வேண்டும் என்ற எண்ணம் காவிரிப் பாசனப் பிரதேசத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டதென்பதே நமது அபிப்பிராயம். கர்நாடகம் தமிழ் நாட்டுக்கு ஆண்டுதோறும் விட வேண்டுமென்று 2007-ல் நடுவர் மன்றம் விதித்த அளவு 192 டி.எம்.சி. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. 2023-ல் ஜூன் 12-ந் தேதியே மேட்டூர் அணை திறக்கப்பட்டும், பிறகு ஜலம் போதாமல் குறுவைப் பயிர் வாடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஜலத்தைக் குறைத்தால் பயிர் கெடாதா என்று குடியானவர் கேட்பது நியாயமே. வேரிலும் தண்டிலும் காற்றுக் குழல்கள் இருப்பதால்தான் நெல் சேற்றில் நிற்க முடிகிறது. வயலை இடையிடையே காயவிட்டால் மண்ணுக்குள் காற்றுப் புகும். வேர் ஆழமாக இறங்கும். கதிர் ஈனாத வீண் தூர்கள் குறையும். நம் முன்னோர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொன்ன இம்முறைக்குப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அளவு வகுத்திருக்கின்றனர். நட்ட பின் இரண்டு வாரம் வரை களையை அடக்க ஜலம் நிற்கட்டும். பிறகு துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்துப் பார்த்து, ஜலமட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும், தரைக்கு மேல் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயவே கூடாது; காய்ந்தால் கதிர் பதராகிவிடும். இந்த அளவோடு நின்றால் மகசூல் அநேகமாகக் குறைவதில்லை. பாய்ச்சும் ஜலத்தில் நூற்றுக்கு 30 பங்கு வரை மிச்சமாகலாம். எல்லை கடந்து காயவிட்டால் மகசூலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் நஷ்டமாவதுண்டு.

விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. பம்பு செட்டு வைத்திருப்பவர் வேண்டிய நாளில் பாய்ச்சிக்கொள்வார். வாய்க்காலை நம்பியிருக்கும் கடைமடைக் குடியானவர் என்ன செய்வார்? அடுத்த முறை எப்போது வருமென்று தெரியாதவர், வந்த ஜலத்தை வரப்பு முட்டத் தேக்கி வைப்பது பேராசையல்ல, தற்காப்பு. அவருக்குச் சிக்கன உபதேசம் செய்வதற்கு முன், சர்க்கார் வாய்க்கால்களைக் காலத்தில் தூர் வாரி, மதகுகளைச் செப்பனிட்டு, முறைத் தேதியை முன்கூட்டி அறிவித்து, அறிவித்தபடி ஜலம் விட வேண்டும்.

நாம் சிக்கனம் செய்தால், நமக்கு ஜலம் தேவையில்லையென்று மேல்நாட்டார் வாதிப்பார்களே எனச் சிலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் அவசியமற்றது. நமது பங்கு கோர்ட்டுத் தீர்ப்பால் நிர்ணயமானது; நமது சிக்கனத்தால் அது குறையாது. தலைமடையில் மிச்சமாகும் ஜலம் கடைமடைச் சம்பாவைக் கதிர் முற்றும் வரை காப்பாற்றும். பங்கைக் கேட்கும் உறுதியும் பங்கைப் பேணும் ஒழுங்கும் ஒருங்கே இருந்தால்தான் நமது கோரிக்கைக்கு வலிமை உண்டாகும். கிராமந்தோறும் ஊழியர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். சர்க்காரிடம் முறைத் தேதியைக் கேட்டு வாங்கவும் வேண்டும்.