இல்லாத ஊருக்கு ஓர் அடிக்குறிப்பு

அக்கா பையன் பி.ஹெச்டி. முடிக்கப் போகிறான். பொருளாதாரம். போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையணை சைஸில் காகிதக் கட்டோடு வந்து நின்றான்.

‘‘மாமா, எழுத்துப்பிழை மட்டும் பாருங்க. அடுத்த வாரம் சப்மிட் பண்ணணும். ஃபெலோஷிப்பும் நின்னாச்சு!’’

எனக்குப் பொருளாதாரம் தெரியாது (மாசக் கடைசியில் என் பர்ஸைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்). ஆகவே, கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆதாரப் பட்டியல். மொத்தம் 212!

‘‘இத்தனையும் படிச்சியாடா?’’

‘‘என்ன மாமா நீங்க... அதெல்லாம் படிக்கறதுக்கில்லே, போடறதுக்கு!’’

அவனுக்கு ஒரு கதை சொன்னேன். விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை பற்றி வான் டெர் கீர் என்பவரும் இன்னும் இருவரும் 2000-ல் எழுதியதாக ஒரு கட்டுரை. உலகம் பூரா ஆய்வாளர்கள் அதைக் கிட்டத்தட்ட 400 தடவை ஆதாரம் காட்டியிருந்தார்கள். அப்படியொரு கட்டுரையே கிடையாது! பட்டியலை எப்படி எழுதுவது என்று காட்ட, எல்ஸவியர் பதிப்பகம் சும்மா கொடுத்திருந்த உதாரணம் அது. 2017-ல் குட்டு வெளிப்பட்டது. மாதிரி விண்ணப்பத்தில் இருந்த அப்பா பேரையே தன் அப்பா பேராக எழுதின கதை!

சிரித்தான். ‘‘நம்மளுது அப்படியில்லே மாமா.’’

‘‘பார்த்துடலாமா?’’

கண்ணை மூடிக்கொண்டு பத்தைத் தொட்டேன். இப்போதெல்லாம் பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்று நிரந்தர எண் உண்டு. தட்டினால் நேராக வாசலில் கொண்டுபோய் விடும். எட்டு சரி. ஒன்பதாவது, தேனீ வளர்ப்புக்குப் போனது. பத்தாவது, எங்கேயுமே போகவில்லை.

‘‘தேனீ எங்கேர்ந்து வந்துது?’’

‘‘சீனியர் தீஸிஸ்லேர்ந்து அப்படியே எடுத்தேன்.’’

‘‘இன்னொண்ணு?’’

‘‘ஏ.ஐ. குடுத்துது மாமா. பேரு, வருஷம், பக்க நம்பர்னு பக்காவா இருந்துச்சே...’’

பத்துக்கு இரண்டு என்றால் 212-க்கு? பொருளாதாரம் படித்த பையன். முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் பல்கலைக்கழக நூலகம். நாலு வருஷத்தில் அவன் அங்கே போனது ஏ.சி.க்காக மட்டும்தான். நூலகர் அம்மா திட்டவில்லை. தலைப்பை மேற்கோள் குறிகளுக்குள் போட்டுத் தேடச் சொன்னார். ‘விவசாயக் கடன்’ என்று மட்டும் தேடினால் ‘வேளாண் கடன்’ நழுவிவிடும், நடுவில் ஓர் ‘ஆர்’ போட்டால் இரண்டும் சிக்கும் என்றார். ‘‘சோத்கங்காவுல பழைய தீஸிஸ் பாருங்க தம்பி. ஆனா, அதுல இருக்கற ஆதாரத்தை மூலத்துல பார்க்காம எடுக்காதீங்க.’’

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் ஒன்று. நம்ம ஆள் நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நூலகத்தையே மிச்சம் வைத்துவிட்டான்!

சப்மிஷன் இரண்டு மாசம் தள்ளிப் போனது. பட்டியல் 131 ஆக இளைத்தது. ‘‘எல்லாமே படிச்சது மாமா’’ என்றான். குரலில் முதல் தடவையாக ஒரு டாக்டர் தெரிந்தார்.

நன்றியுரையில் என் பேரும் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று சரிபார்த்தேன்.

இனிஷியல் தப்பு!